டீமேக்கர் ஐயாவின் ராக்கெட் வண்டி

பிள்ளைகளே, அலுமாரிக்கு மேலே பழைய சூட்கேசுக்குப் பின்னால் இருக்கும் தகர டின்னைப் பற்றி உங்களுக்கு நான் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் மகள் கொழும்பிலிருந்து லீவில் வந்தபோது, வீட்டில் தேயிலைத் தூள் முடிந்துவிட்டதென்று அந்த டின்னைத் திறந்து, பால் சேர்க்காத சாயத்தண்ணி போட்டாள். முதல் வாய் குடித்த தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அக்கா, இது டீயா, பெயின்டா?" என்று கேட்டான். நான் எழுந்து வந்து டின்னைப் பிடுங்கிச் சத்தம் போட்டேன். சத்தம் போடுகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தேயிலையாலேயே சோறு தின்கிற வீட்டில், குடிக்கக் கூடாத தேயிலை எதற்கு? நியாயமான கேள்விதான். வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படிப்பு. பிழை இருந்தால் மகள் திருத்திக்கொள்ளட்டும்.

டின்னின் மூடியில் நீலப் பேனையால் எழுதியிருந்ததில் பாதி அழிந்துவிட்டது. 'குடிப்பதற்கல்ல' என்ற ஒரு சொல்லை மட்டும் இன்னும் வாசிக்கலாம். அந்தக் கையெழுத்து டீமேக்கர் ஐயாவுடையது. வட்டவளைக்கு மேலே, ரயில் பாதையைக் கீழே பார்த்தபடி நிற்கிற எங்கள் ஃபேக்டரியில், கொழுந்து வாசலுக்குள் வந்த நிமிடத்திலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகும் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் அவர். நான் அங்கே ஃபிட்டர். மெஷின் நின்றால் ஓட வைப்பது என் வேலை. உங்கள் அம்மா சல்லடை அறையில் வேலை செய்தார். மகளுக்கு அப்போது மூன்று வயது. தம்பி இன்னும் பிறக்கவில்லை.

ஐயாவை எங்கள் ஆட்கள் 'மூக்கு ஐயா' என்று மறைவில் சொல்வார்கள். மாடியில் வாடப் போட்டிருக்கும் கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். அரை நிமிடம், சில நாள் ஒரு நிமிடம். பிறகு, "இன்னும் ரெண்டு மணித்தியாலம்" என்பார். ரெண்டு மணித்தியாலம்தான். கருவி வைத்துப் பார்த்தாலும் அதேதான் சொல்லும். தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் என்பதால் ஃபேக்டரிக்குள் வாசனைச் சோப்பு கூடாது, தைலம் கூடாது, பூ கூடாது. "என் டீயில டீ மட்டுந்தான் இருக்கணும்" என்பதுதான் அவருடைய சட்டம்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவர் உங்கள் அம்மா. ஒரு நாள் தலையில் ஒரு முழம் மல்லிகையோடு வந்தவரை அரைப்பேருக்கு, அதாவது அரை நாள் கூலியோடு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் அம்மா லயத்து வீட்டு வாசலில் பூத்திருந்த டேலியாவில் ஆகப் பெரியதாகப் பார்த்து, ஒரு பிரிமணை அளவு, கொண்டையில் சொருகிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார்.

"இதுல வாசம் இல்லீங்க ஐயா. வேணும்னா மோந்து பாருங்க."

ஐயா உண்மையாகவே குனிந்து மோந்து பார்த்தார். "வாசம் இல்ல. சரி. இதழ் உதிர்ந்து தூளுக்குள்ள விழுந்தா?"

அம்மா பூவைக் கழற்றி அவர் மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். அது வாடும் வரை ஐயா அதை எடுக்கவில்லை. அவர் சிரித்ததை நான் முதல் முறை பார்த்தது அன்றுதான்.

இப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார். ராக்கெட் ஒன்று நிற்கிறது. ஏதோ கட்டடம் மெதுவாக நகர்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் ராக்கெட்டும் அதைத் தாங்கும் கோபுரமும் சேர்ந்து ஒரு பெரிய இரும்பு மேடையின் மேல் நிற்க, அந்த மேடையைத்தான் ஒரு வண்டி சுமந்துகொண்டு போகிறது. நாலு மூலையிலும் புல்டோசருக்கு இருப்பதுபோல இரட்டைச் சங்கிலிகள். பக்கத்தில் நடந்து போகிற மனிதன் அதை முந்திக்கொண்டு போகிறான்.

"எல்லாரும் மேல பாக்குறான், ஃபிட்டர். நெருப்பு வைக்கிறதுக்கு முந்தி அத அங்க கொண்டாந்து நிறுத்துனது யாருன்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?" என்றார். பிறகு வீடியோவைக் கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தில் நிறுத்தினார். வண்டி ஒரு மேட்டில் ஏறுகிறது. சங்கிலிகள் சரிவில் இருக்கின்றன. மேடை மட்டும் தண்ணீர் மாதிரி மட்டமாக இருக்கிறது. முன்பக்கம் ஏற ஏற, பின்பக்கம் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிறது. ராக்கெட் ஒரு முடி அளவுகூடச் சாயவில்லை. ஐயா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தை மோக்கும்போது இருக்கிற அதே முகம். "இத நாம செய்வோமா?" என்று கேட்டார்.

இந்த மலையில் மட்டமான இடம் என்று ஒன்று இல்லை. நம் லயத்து வாசலில் கிளாசை வைத்தால்கூட ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். சரிவிலேயே பிறந்து சரிவிலேயே சுமை தூக்குகிற எங்களுக்கு, சரிவில் ஏறியும் சாயாத ஒரு பொருள் கனவு மாதிரி இருந்தது. நான் "செய்வோம் ஐயா" என்றேன்.

அடுப்புக்குப் பின்னால் விறகு போட்டுவைக்கும் ஒரு சிறிய அறை இருந்தது. அதன் ஒரு சுவர் எப்போதும் சூடாக இருக்கும். வெளியே தென்மேற்கு மழை நாள் கணக்கில் அடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த அறைக்குள் மட்டும் ஒரு வறண்ட வெயில்காலம் இருந்தது. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் வேலை. படத்தில் அளவுகள் மீட்டரில் இருந்தன. என்னிடம் இருந்த டேப்பில் இஞ்சி, அதாவது அங்குலக் கோடுகள் மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தன. ஒரு மீட்டருக்கு ஒரு இஞ்சி என்று வைத்துக்கொண்டோம். நாற்பது இஞ்சி நீளம், முப்பத்தைந்து இஞ்சி அகலம். அந்தக் காலத்தில் தேயிலை அனுப்பிய பழைய பெட்டிகளின் பலகைதான் உடம்பு. லொறிகளிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார்கள் நாலு. மேடையை மட்டம் பார்க்க, வீடு கட்டும் மேசன்மார் வைப்பதுபோலத் தண்ணீர் நிரப்பிய ஒரு தெளிவான குழாய். அது என்னுடைய யோசனை. வெறும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அதற்குள் சாயத்தண்ணி ஊற்றியது ஐயாவுடைய யோசனை. வண்டியின் பின்னால் இரண்டு கைப்பிடிகள். வண்டி ஏறும்போது குழாயில் சாயத்தின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவற்றைத் திருகினால் பின்மூலைகள் இரண்டும் உயரும்.

சங்கிலிதான் எங்களை ஒன்றரை வருடம் பிடித்து வைத்திருந்தது. எட்டுச் சங்கிலி, ஒரு சங்கிலிக்கு ஐம்பத்தேழு கட்டை. எல்லாமாக நானூற்றைம்பத்தாறு. ஒவ்வொன்றும் இரண்டேகால் இஞ்சி நீளம், அரை இஞ்சி அகலம். நான் வொர்க்ஷொப்பில் அறுத்து, துளை போட்டு, அரம் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பேன். பசை வைப்பதும் வார்னிஷ் பூசுவதும் சைக்கிள் ஸ்போக் கம்பியால் கோப்பதும் ஐயா. அதை வேறு யாரையும் தொட விடமாட்டார். மேலே நிற்கப்போகிற ராக்கெட்டுக்கு அவர் அரை நாள்கூடச் செலவழிக்கவில்லை. ஏழடி பிவிசி குழாய், தலையில் ஒரு பிளாஸ்டிக் புனல், வெள்ளைப் பெயின்ட். அவ்வளவுதான். "அதுக்கென்ன, போறது போயிரும்" என்பார்.

வார்னிஷ் வாசம் ஃபேக்டரிக்குள் ஒரு துளியும் போய்விடக் கூடாதென்று அந்த அறையின் கதவிடுக்குகளிலும் ஜன்னல் ஓட்டைகளிலும் சாக்கைச் சுருட்டி அடைத்துவைத்தார். வெளியே வந்தால் சட்டையை மாற்றி, கையை எலுமிச்சையால் தேய்த்துக் கழுவித்தான் தேயிலைப் பக்கம் போவார். தேயிலையைக் காப்பாற்ற அவ்வளவு செய்தார். சாக்கு அடைத்த அந்த அறைக்குள் ஒன்றரை வருடம் அந்தக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் யார் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

உங்கள் அம்மா மட்டும் புலம்புவார். "ஒங்க சட்டைய வாளியில போட்டா தண்ணியே மயங்கிப் போவுது. ரெண்டு பேருமா உள்ளுக்க என்னதான் செய்றீங்க?" கொழுந்து கொண்டுவருகிற பெண்கள் கதவு திறக்கும் நேரம் பார்த்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, மாரியம்மனுக்குத் தேரா?" என்று கேட்பார்கள்.

"இல்லம்மா. ராக்கெட்டுக்கு."

"அப்ப வடம் புடிக்க எங்களயும் கூப்புடுங்க. ஒரு பேரு போட்டுருங்க."

இந்த விஷயம் எப்படியோ அட்டன் டவுன் வரைக்கும் போய், அங்கே ஒரு பாடசாலையில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பாடசாலை அதிபர் டீமேக்கர் ஐயாவைக் கேட்டார். மேட்டில் ஏற்றிக் காட்டுவதாக ஐயா வாக்குக் கொடுத்தார். அதுவும் சும்மா இல்லை. மேடையில் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் நிறைய சாயத்தண்ணி வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல்.

கண்காட்சி சனிக்கிழமை. வியாழக்கிழமை வண்டியை விறகு அறையிலிருந்து வெளியே எடுத்து, லொறி நிற்கும் கொட்டகையில் பலகை சாய்த்து ஓட்டிப் பார்த்தோம். பூனை நடப்பதுபோல நடந்தது. அன்று இரவு அதை அந்தக் கொட்டகையிலேயே தார்ப்பாயால் மூடி வைத்தோம். விடியும்போது பனி கொட்டகைக்குள் புகுந்து வெள்ளையாக நின்றது. தார்ப்பாயைத் தூக்கி மோட்டாரைப் போட்டேன். உறுமியது, நகரவில்லை. எட்டுச் சங்கிலியும் ஊறிப்போய்க் கட்டையோடு கட்டை இறுகி, கல்லாக இருந்தன. சூடான சுவருக்குப் பக்கத்தில் உலர்ந்து சுருங்கியிருந்த மரத்தை அளந்து, நூல் இடைவெளி இல்லாமல் அழகாகக் கோத்திருக்கிறோம். இந்த மலையின் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம்.

ஐயா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இருவத்தெட்டு வருஷமா எலையில தண்ணி எவ்வளவுன்னு தொட்டுச் சொல்றேன். பலகையில கோட்ட விட்டுட்டேனே" என்று மெதுவாகச் சிரித்தார்.

விறகு அறையில் திரும்பக் காய வைக்க மூன்று நாளாவது வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. மதியத்தோடு அன்றைய தேயிலை முடிந்துவிட்டது. தேயிலையைக் காய வைக்கிற ட்ரையர் வெறுமையாக, இன்னும் சூடாக இருந்தது. ஐயா அதையே பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ட்ரையர்லயாங்க ஐயா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு சங்கிலியைத் தூக்கி மூக்கோடு வைத்து, எப்போதும்போல கண்ணை மூடி, எப்போதும்போல நிதானமாக மூச்சை இழுத்தார். "வாசமே இல்ல, ஃபிட்டர். வார்னிஷ் காஞ்சு எத்தன மாசம்" என்றார். என் கையிலும் ஒரு சங்கிலி இருந்தது. நானும் மோந்தேன். எனக்கு வாசம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் எதிரில் நிற்பது யார்? மல்லிகையை நாற்பது அடி தூரத்தில் கண்டுபிடித்த மூக்கு. நான் கிரீஸ் கை. அந்த மூக்கு இல்லையென்று சொன்னால் இல்லாமல்தான் இருக்கும், என் சட்டையில் இருக்கிற வாசம்தான் எனக்கு வருகிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகச் சங்கிலிகளை ட்ரையரின் தட்டுகளில் பாய் விரிப்பதுபோல விரித்தோம்.

பொழுது சாயும் முன்னே கட்டைகள் காய்ந்து கலகலவென்று பிரிந்தன. மெழுகுதிரியால் தேய்த்து, சுருட்டி, பொலித்தீனில் கட்டினோம். மறுநாள் விடியற்காலையில் அதே ட்ரையரில் வழக்கம்போலத் தேயிலை காய்ந்துகொண்டிருக்க, நாங்கள் வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு அட்டனுக்குப் போனோம்.

அந்தச் சனிக்கிழமையை நான் எத்தனை முறை நினைத்தாலும் கனவு மாதிரியேதான் வருகிறது. மண்டபத்தின் கதவுகளைத் திறந்து வைத்திருந்ததால் பனி உள்ளே வந்து பிள்ளைகளின் தலைக்கு மேல் மெல்லிசாகத் தொங்கியது. முன்வரிசைப் பாயில் அம்மாவின் மடியில் மகள். உனக்கு அது ஞாபகம் இருக்காது. ஐயா கிளாசில் சாயத்தண்ணியை விளிம்பு வரை ஊற்றி மேடையில் வைத்தார். நான் ஸ்விட்சைப் போட்டேன். நானூற்றைம்பத்தாறு கட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முன்னே போய் விழுந்து, கிடந்து, பின்னால் எழும்பின. தூறல் தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி பலகைச் சரிவுக்கு வந்து மூக்கைத் தூக்கியது. ஐயா முழங்காலில் நகர்ந்துகொண்டே, குழாயில் இருந்து கண்ணை எடுக்காமல் கைப்பிடிகளைத் திருகினார். கீழே எல்லாம் சாய்ந்தது, மேலே எதுவும் சாயவில்லை. வெள்ளைக் குழாய் நேராக நின்றது. கிளாசில் சாயத்தண்ணியின் விளிம்பு நடுங்கியது, தாண்டவில்லை. பத்தடி மேட்டுக்கு நாலு நிமிடம். உச்சியில் வண்டி நின்றதும் ஐயா அந்தக் கிளாசை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அப்போதுதான் பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை உங்கள் அம்மா வொர்க்ஷொப்புக்கு வந்தார். வேலை நேரத்தில் வருகிறவர் இல்லை. கையில் ஒரு பிடி தூள்.

"இத மோந்து பாருங்க."

மோந்தேன்.

"ஒங்க சட்ட வாசம்" என்றார் அம்மா. "சனிக்கெழமத் தூளு முழுக்க இதான். நான் போயி சொன்னா, பூவுக்குப் பழி வாங்குறேன்னு நெனைப்பாங்க. நீங்க வாங்க."

இரண்டு பேருமாகப் போனோம். ஐயா தூளை வாங்கி மூக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்து எங்களைப் பார்த்தார். "ஒண்ணுமில்லியே" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "இருக்குங்க ஐயா" என்றார். அவர் கோபப்படவில்லை. வெந்நீர் கொண்டுவரச் சொல்லி, ஐந்து வெள்ளைக் கோப்பையில் சாயம் போட்டார். நாலில் அதற்கு முந்தைய வாரத்துத் தூள், ஒன்றில் சனிக்கிழமைத் தூள். அம்மாவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு இடம் மாற்றி வைத்தார். அம்மா திரும்பி வந்து ஒவ்வொன்றாக மோந்து ஒரு கோப்பையைத் தொட்டார். சரி. மறுபடி மாற்றினார். மறுபடியும் சரி. மூன்றாவது முறையும் அம்மாவின் விரல் அதே தூளின் கோப்பையில்தான் போய் நின்றது. ஐயா ஐந்தையும் தானே மோந்தார், குடித்தும் பார்த்தார். பிறகு மாடிக்கு ஏறிப்போனார். நான் பின்னாலேயே போனேன்.

கொழுந்து விரித்த மாடி காலை வெளிச்சத்தில் பச்சையாக நீண்டு கிடந்தது. அந்த வாசம் உங்களுக்குத் தெரியும், வெட்டின ஆப்பிளும் ஈரப்புல்லும் கலந்த மாதிரி, மனிதனைத் தூங்கவைக்கிற வாசம். ஐயா இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி முகத்தையே அதற்குள் புதைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. கையைத் தாழ்த்தியபோது மூக்கில் ஓர் இலை ஒட்டியிருந்தது.

"எத்தன மாசமா இப்பிடின்னு தெரியல்ல, ஃபிட்டர்" என்றார். "கை சொன்னதையும் மணிக்கூடு சொன்னதையும் மூக்கு சொல்லுதுன்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

தோட்டத்து மேனேஜர், பெரிய துரை, நல்ல மனுஷர். கொஞ்சம் கொஞ்சமாக மற்றத் தூளோடு கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது, இதைப் பெரிதாக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஐயா கேட்கவில்லை. சனிக்கிழமைத் தேயிலை முழுவதையும் கழிவு என்று தன் கையால் எழுதி, காரணம் என்ற இடத்தில் தன் தவறென்றும் எழுதினார். அந்தத் தேயிலை மண்ணுக்குப் போனது. ட்ரையரை இரண்டு நாள் நிறுத்தி, தட்டுத் தட்டாகக் கழற்றி வெந்நீரில் கழுவினோம். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. "கண்ணில்லாத ட்ரைவர் லொறி ஓட்டலாமா?" என்று கேட்டார், அவ்வளவுதான். போவதற்கு முன் துரைக்கு ஒரு கடிதம் கொடுத்தார், இனி ஒவ்வொரு நாள் தூளையும் உங்கள் அம்மா மோந்து பார்த்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும் என்று. இன்றைக்கும் அம்மா அந்த அறைக்குப் பொறுப்பாக இருப்பது அந்தக் கடிதத்தில் தொடங்கியது. இதை அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஐயா போன அன்று அம்மா தலையில் மறுபடி ஒரு டேலியா இருந்தது. அதைக் கழற்றி ஐயாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டியை என்னிடமே விட்டுவிட்டு, இந்த டின்னையும் கொடுத்தார். சனிக்கிழமைத் தூளில் ஒரு பிடி. ஏன் என்று நான் கேட்கவில்லை. லொறியில் சாமான் ஏற்றி முடிந்த பிறகு, என் தோளில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஃபிட்டர், அன்னிக்கு வெள்ளிக்கெழம. சங்கிலிய மோந்தியே. ஒனக்கு வாசம் வந்துச்சா?"

பிள்ளைகளே, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் கேட்ட விதத்தில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "இல்லீங்க ஐயா" என்றேன்.

"அப்ப சரி" என்றார். "ரெண்டு பேருக்கும் வரல்ல." தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். லொறி பெரிய வளைவில் திரும்பிப் பனிக்குள் போகும் வரை நான் அங்கேயே நின்றேன்.

ஐயா அதன் பிறகு கண்டியில் தன் தங்கச்சி வீட்டில் இருந்தார். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் பின்னேரம் எனக்கு ஃபோன் எடுத்து, "இன்னிக்கு மழ பெய்ஞ்சிச்சு. மண் வாசம் வந்த மாதிரி இருந்திச்சு" என்றார். "வந்த மாதிரியா, வந்துச்சாங்க ஐயா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வந்துச்சு" என்றார். அன்று சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். பிறகும் பல முறை பேசினோம், சங்கிலி எப்படி இருக்கிறது என்று கேட்பார், நன்றாக இருக்கிறது என்பேன். ஒவ்வொரு முறையும் ஃபோனை வைத்த பிறகுதான் எனக்கு வாய் திறக்கும். போன மழைக்காலத்தில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மகளிடம் சத்தம் போட்டேனே, அது மகளுக்காகப் போட்ட சத்தம் இல்லை. ஒரு கேத்தல் டீக்கான தூள் குறைந்துவிட்டதே என்ற பயம். அது முடிந்துவிட்டால் அந்த வெள்ளிக்கிழமையும் முடிந்துவிடும் என்ற மாதிரி ஒரு பயம்.

உங்களுக்கு வாசம் வந்தால், வருகிறது என்று சொல்லுங்கள். எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அவர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் சரி. மரியாதை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மகள் கொழும்புக்குத் திரும்பிப் போன ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் தம்பியும் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நான் வரவில்லை, வேலை இருக்கிறது என்றேன். கேத்தலை அடுப்பில் வைத்து, டின்னிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சாயம் போட்டேன். கிளாஸ் நிறைய ஊற்றி, கை சுடச் சுட, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோனேன். சாக்கைத் தூக்கினால் வண்டி அப்படியேதான் இருக்கிறது. புனலில் விரிசல், வெள்ளைப் பெயின்ட் மஞ்சளாகிவிட்டது. கொட்டகைத் தரை சரிவு. மேடையில் கிளாசை வைத்தேன். சாயத்தண்ணி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. முழங்காலிட்டுக் கைப்பிடிகளைத் திருகினேன். துருப்பிடித்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியது. கிளாசின் விளிம்பும் சாயத்தண்ணியும் ஒரே கோட்டுக்கு வந்ததும் கையை எடுத்தேன். ஆவி நேராக மேலே போனது. குனிந்து, அவரைப்போலவே கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்தேன்.

"வாசம் வருதுங்க ஐயா" என்றேன்.